அந்தச் சந்திக்கு அவர் பெயர்

போலீஸ் சார்ஜன் அப்துல் காதர் நல்ல செய்தி கொண்டு வருவதாகத்தான் நினைத்துக்கொண்டு வந்தார். புக்கிட் மெர்தாஜாம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் பலகை வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் சந்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "தங்கச்சி! புஷ்பவள்ளி!" என்று வெளியிலிருந்தே குரல் கொடுத்தார். பின்பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்த புஷ்பவள்ளி ஈரக்கையைக் கைலியில் துடைத்தபடி வந்தாள். தீபாவளிக்கு ஒருமுறை, தன் நோன்புப் பெருநாளுக்குப் பலகாரத்தோடு ஒருமுறை என்று தவறாமல் வருகிற மனிதர். இந்த இரண்டும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்கிறாரே என்று அவள் யோசித்தாள்.

"உக்காருங்கண்ணே. தேத்தண்ணி போடறேன்."

"அதெல்லாம் அப்புறம். நீ முதல்ல உக்காரு. நகராட்சியில முடிவு பண்ணிட்டாங்க தங்கச்சி. அந்த சிம்பாங் இருக்குல்ல, அதுக்கு நம்ம இன்ஸ்பெக்டர் பேரை வைக்கப் போறாங்க. பெரிய போர்டு. விழா எடுத்து, மேலதிகாரிங்க எல்லாம் வந்து, ஜோரா செய்யப் போறாங்க."

எந்தச் சந்தி என்று அவள் கேட்கவில்லை. அப்படி ஒரு சந்தி உலகத்தில் ஒன்றுதான் இருந்தது.

"வேணாம்ணே" என்றாள்.

அப்துல் காதர் சரியாகக் காதில் விழாதவர்போலப் பார்த்தார்.

"அந்த இடத்துக்கு அவரு பேரு வேணாம். வேற எங்கயாவது வைக்கட்டும். ஒரு ஸ்கூலுக்கு வைக்கட்டும், விளையாடற திடலுக்கு வைக்கட்டும். அங்க வேணாம்."

"அவரோட அப்பா சம்மதிச்சிட்டாரும்மா. ஆனா மனைவியும் சரின்னு சொல்லணுமாம், அப்பதான் செய்வாங்களாம். நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"நான் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேண்ணே."

அவர் தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டு எழுந்து போனார். வற்புறுத்தவில்லை. அந்த இடத்தைப் பற்றி அவளை வற்புறுத்தத் தனக்குத் தகுதி இல்லை என்பதுபோல இருந்தது அவர் போன விதம். அன்று ஜீப்பை ஓட்டியவர் அவர்தான்.

கணவர் நாகநாதனை அவள் முதலில் பார்த்தது இதே புக்கிட் மெர்தாஜாம் போலீஸ் ஸ்டேஷனில். சிம்பாங் அம்பாட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய அய்யாக்கண்ணுவின் மகள் அவள். டவுனில் ஒரு தையல் கடைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தபோது அவளுடைய சைக்கிள் திருட்டுப் போனது. ரிப்போர்ட் எழுதிக்கொண்ட இளம் அதிகாரி, சைக்கிளுக்கு என்ன அடையாளம் என்று கேட்டார். மணி நல்லா சத்தமா அடிக்கும் என்றாள். அவர் சிரித்துவிட்டார். இரண்டு வாரத்தில் சைக்கிளைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டனுப்பினார். மணி மட்டும் புதிதாக இருந்தது. பழையதைத் திருடன் கழற்றி விற்றுவிட்டான் என்றும் இது தான் வாங்கிப் போட்டது என்றும் அவர் சொன்னது கல்யாணத்துக்குப் பிறகுதான்.

கல்யாணத்துக்கு அவர் அப்பா வரவில்லை. அப்பா விஸ்வலிங்கத்தினுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். பினாங்கில் அரசாங்க ஆபீஸில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் டாக்டருக்குப் படிக்காமல் போலீஸில் சேர்ந்ததையே பொறுக்க முடியாமல் இருந்தவர், தோட்டத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். நாகநாதனின் அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். ஆகவே தூது போகவும் ஆள் இல்லை. புக்கிட் மெர்தாஜாம் கோயிலில் அப்துல் காதர் உட்பட நாலைந்து போலீஸ்காரர்களும் தோட்டத்து ஜனங்களும் சூழ்ந்து நிற்கத் தாலி கட்டினார். மூன்று வருடம் வாழ்ந்தார்கள். ஒரு பிள்ளை வயிற்றில் வந்து தங்காமல் போனது. அடுத்தது தங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுபத்தாறில் அவருக்குப் பினாங்குத் தீவுக்கு மாற்றலானது. ஒரு நாள் மத்தியானம், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், நகைக்கடையில் கொள்ளையடித்துவிட்டு இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள். அப்துல் காதர் ஜீப்பைக் குறுக்கே கொண்டுவந்து அந்தச் சந்தியில் மறித்தார். நாகநாதன் கீழே குதித்துத் துப்பாக்கியை உயர்த்தினார். கொள்ளையர் இருவருக்கும் நேர் பின்னால், வெள்ளையும் நீலமுமாக யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவர் துப்பாக்கியைக் கீழே இறக்கினார். "ஓடுங்க, ஓடுங்க" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கையை வீசினார். எதிரே இருந்தவன் தன் துப்பாக்கியை இறக்கவில்லை.

பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த இருவரும் சாயங்காலத்துக்குள் பிடிபட்டார்கள். அவள் பேக்டரியிலிருந்து, அப்போது பட்டர்வொர்த்தில் வேலை, பெர்ரிப் படகு ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவரை மூடிவிட்டிருந்தார்கள்.

சடங்கு விஸ்வலிங்கத்தின் வீட்டில் நடந்தது. போலீஸ் மரியாதை, ரோஜா மாலைகள், வாசல் நிறைய கார்கள். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். புஷ்பவள்ளி கிட்டே போக எழுந்தாள். பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள் அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். "பொறும் பிள்ளை. முதல்ல குடும்பத்து ஆக்கள் பார்க்கட்டும்." அவள் உட்கார்ந்துவிட்டாள். குடும்பத்து ஆட்கள் பார்த்து முடிவதற்குள் தூக்கிவிட்டார்கள். கடைசியாக அவள் பார்த்தது அவருடைய பாதங்களைத்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. பினாங்குக்குப் போக வேண்டிவந்தால் அந்தச் சந்தியைத் தொடாமல் சுற்றிப் போவாள். பஸ் அந்த வழியாகப் போகும் என்று தெரிந்தால் முன்னாடியே இறங்கி வெயிலில் நடப்பாள். ஏழு வருடமாக அப்படித்தான்.

அப்துல் காதர் வந்துபோன அடுத்த ஞாயிறு, அவர் குரல் கொடுத்த அதே இடத்தில் விஸ்வலிங்கம் நின்றார்.

வெள்ளை முழுக்கால் சட்டை, மேல் பட்டன் வரை போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. பெர்ரியும் பஸ்ஸுமாக வந்து, ஸ்டேஷனிலிருந்து வழி கேட்டுக் கேட்டு நடந்திருக்கிறார். முகம் கறுத்து வியர்வையில் மின்னியது. ஏழு வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. யாரோ ஒருவர் கூட வந்திருப்பார்கள் என்று அவள் சந்து முழுவதும் பார்த்தாள்.

"உள்ள வரலாமோ?" என்றார்.

அவள் நகர்ந்து வழிவிட்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார், எடுக்கவில்லை. அவளுக்கு உள்ளே எரிந்தது. இன்னும் அதே ஆள்தான் என்று நினைத்தாள். பிறகுதான் கவனித்தாள். எடுக்கக் கையை நீட்டுவதும், கை நடுங்குவதைப் பார்த்து மடியில் வைத்துக்கொள்வதுமாக இருந்தார். அவளே டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்து, அவர் பிடித்துக்கொள்ளும் வரை தன் கையை எடுக்காமல் இருந்தாள். முழுவதையும் குடித்தார்.

"நீர் வேண்டாம் எண்டு சொன்னனீராம். காதர் வந்து சொன்னவர்."

"ஆமா."

"ஏன் எண்டு கேட்க எனக்கு உரிமை இல்லை. தெரியும். எண்டாலும் கேட்கத்தான் வந்தனான்."

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஏழு வருடத்துக் கதை இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"அங்க பேரு வச்சா அவரு தினம் தினம் அங்கயே சாகற மாதிரி இருக்கும். நான் அந்த இடத்தைப் பார்க்காம எப்படியோ காலத்தை ஓட்டிக்கிட்டு இருக்கேன். என்னை விட்டுடுங்க."

கிழவர் தலையை ஆட்டினார். குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நான் ஒவ்வொரு நாளும் அங்க போறனான்" என்றார்.

"எங்க?"

"அந்தச் சந்திக்கு. பின்நேரம் நடந்து போவன். ஒரு மணித்தியாலம் நிப்பன். அங்க ஒண்டும் இல்லை, பிள்ளை. ஒரு முடிவெட்டுற கடை, ஒரு சீனன்ர கோப்பிக் கடை, லைட் கம்பம். என்ன பாக்கிறது? ரோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பன். கோப்பிக் கடைக்காரன் ஒரு நாள் வந்து, அங்கிள், ஆருக்காகக் காத்திருக்கிறியள், பஸ் இங்க நிக்காது எண்டான். என்ன சொல்லுறது? பிறகு ஒரு போலீஸ்காரப் பெடியன் வந்து, வழி தெரியேல்லையோ, வீடு எங்க எண்டு கேட்டான். எனக்கு மூளை பிசகிப்போச்சு எண்டு நினைச்சிட்டான் போல." அவர் சிரிக்கப் பார்த்தார். "ஒரு பலகை இருந்தா, அதை வாசிச்சுக்கொண்டு நிக்கிறன் எண்டு சொல்லலாம். அவ்வளவுதான். வேற பெருமைக்கு இல்லை."

புஷ்பவள்ளி எழுந்து அடுப்படிக்குப் போனாள். மண்ணெண்ணெய் அடுப்பில் காலையில் வைத்த சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. அங்கே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த மனிதரை அவள் வெறுத்த வெறுப்பு ஏழு வருடமாக நின்று எரிந்த நெருப்பு. அது அணைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சந்தியில், கோப்பிக் கடைக்கு எதிரே, யாரிடமும் சொல்ல ஒரு பதில் இல்லாமல் நிற்கிற கிழவர் மேல் அதை எப்படிக் கொட்டுவது என்று தெரியவில்லை.

"சாப்பிடறீங்களா?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள். "கருவாடுதான். உங்களுக்குப் பிடிக்குமோ என்னமோ."

"அவன் சாப்பிடுவானோ?"

"யாரு?"

"அவன். எங்கட வீட்டில கருவாட்டு மணமே அவனுக்கு ஆகாது. மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியால ஓடிப்போயிடுவான்."

அவள் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "இங்க அவரு இதைத்தான் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவாரு. முள்ளைக்கூட விட மாட்டாரு. முதல் தடவை நான் ஆக்கினப்ப ஒண்ணும் சொல்லாம தின்னாரு. அப்புறம் நாலு நாள் கழிச்சு, அது இன்னும் இருக்கான்னு கேட்டாரு."

விஸ்வலிங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகனைப் பற்றிப் புதிதாக ஒரு விஷயம் கேட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் மூன்று வருடம் அவரே கேட்கவில்லை.

"வேற?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "வேற என்ன செய்வான்?"

அவள் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சொல்ல ஆரம்பித்தாள். குளிக்கும்போது பாடுவார், ஒரு பாட்டும் உருப்படியாக வராது, பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்கா சுவரில் தட்டுவாள் என்றாள். சம்பளம் வந்த நாளில் பசார் மாலாம் இரவுச் சந்தைக்குக் கூட்டிப்போய் அவளுக்கு வளையல் பார்ப்பார், கடைசியில் தனக்கு ஒரு டார்ச் லைட் வாங்கிக்கொண்டு வருவார் என்றாள். கிழவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். முள் எடுக்கத் தெரியவில்லை. அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"இடி இடிச்சா?" என்று கேட்டார். "இடி இடிச்சா என்ன செய்வான்?"

"ஏன்? ஒண்ணும் செய்ய மாட்டாரே. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திட்டு வருவாரு."

"சின்ன வயசில பயம். சரியான பயம். இடி கேட்டா என்ர கட்டிலுக்குக் கீழ வந்து படுத்துக்கொள்ளுவான். மேல வாடா எண்டா வரமாட்டான். கையை மட்டும் மேல நீட்டுவான். நான் பிடிச்சுக்கொண்டு படுத்திருப்பன். விடியும்வரைக்கும்."

புஷ்பவள்ளிக்கு அது தெரியாது. இடி இடித்த இரவுகளில் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து படுக்கிற மனிதர், இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொள்வார். அவளுக்குப் பயமாக இருக்கும் என்றுதான் பிடிக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். எனக்கென்ன பயம், தோட்டத்தில் பார்க்காத இடியா என்று ஒருமுறை கேலிகூடச் செய்திருந்தாள்.

அவள் வாய்விட்டு அழுதாள். செத்த வீட்டில் யாருக்கு முன்னாலும் அழாதவள், அந்தக் கிழவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் சாப்பிட்ட கையைக் கழுவாமல், என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். போகும்போது வாசலில் நின்று, "என்ன சொல்லட்டும் அவையளுக்கு?" என்று கேட்டார்.

"வச்சுக்கச் சொல்லுங்க" என்றாள்.

விழா ஒரு சனிக்கிழமை காலை. பெர்ரியில் போகும்போது கடலுக்குள் புதுப் பாலத்துக்கான தூண்கள் வரிசையாக நிற்பதைப் பயணிகள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவள் உட்கார்ந்தே இருந்தாள். பினாங்கு ஜெட்டித் துறையில் அப்துல் காதர் காத்திருந்து கூட்டிப்போனார்.

சந்திக்குள் முதல் முறையாக அவள் கால் வைத்தாள். அவள் மனதில் ஏழு வருடமாகப் பயங்கரமான ஒரு இடம் இருந்தது. இங்கே அப்படி எதுவும் இல்லை. முடிவெட்டும் கடையில் ஒருவர் முகத்தில் சோப்பு நுரையோடு வெளியே எட்டிப் பார்த்தார். கோப்பிக் கடையில் ரொட்டி சுடும் வாசனை வந்தது. நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பந்தலுக்குள் வெயில் வட்டம் வட்டமாக விழுந்தது.

"எந்த இடம்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்துல் காதர் ரோட்டின் நடுவில், வெள்ளைக் கோடு வளைகிற இடத்தைப் பார்த்தார். அவர் பார்வை அங்கேயே நின்றது. பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு மீன் லாரி அந்த இடத்தின் மேல் ஏறிப் போனது. ஒரு சைக்கிள் போனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

மலாய் மொழியில் பேச்சுகள் நடந்தன. வீரம் என்றார்கள், தியாகம் என்றார்கள். எல்லாம் உண்மைதான். பிள்ளைகளைப் பார்த்துக் கையை வீசினாரே, அதைப் பற்றி யாராவது சொல்வார்களா என்று அவள் காத்திருந்தாள். ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் ஒலிபெருக்கியில் குடும்பத்தினரைக் கூப்பிட்டார்கள். விஸ்வலிங்கத்தின் பெயரைத்தான் வாசித்தார்கள். முன்வரிசையில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த விஸ்வலிங்கம் எழுந்து கம்பத்துக்குப் பக்கத்தில் போனார். மூடியிருந்த துணியின் கயிற்றை அதிகாரி அவர் கையில் கொடுத்தார். கிழவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். பின்னால், ஓரத்தில் நின்ற புஷ்பவள்ளியைக் கண்டுபிடித்தார்.

"அவருடைய மனைவி அங்க நிக்கிறா" என்று மலாயில் சொன்னார். ஒலிபெருக்கி இல்லாமலே சத்தமாகச் சொன்னார். பிறகு தமிழில், "வாரும் பிள்ளை. உம்மட கைதான் இழுக்க வேணும்."

முன்வரிசையில் சலசலப்பு. அவள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். தோளைப் பிடித்து அழுத்திய அந்த அம்மாளைக் கடந்து போனாள். அவர் கால்களை உள்ளே இழுத்து வழிவிட்டார். கயிற்றை வாங்கி இழுத்தாள். துணி ஒரு மூலையில் மாட்டிக்கொண்டது. அப்துல் காதர் எட்டி அதை விடுவித்தார்.

சிம்பாங் இன்ஸ்பெக்டர் நாகநாதன். நீலப் பலகையில் வெள்ளை எழுத்து. எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டக்கூடிய ஒன்று நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவர் பெயருக்குக் கீழே, பலகைக்கு அந்தப் பக்கம், சிக்னல் விளக்கு பச்சையானதும் வண்டிகள் கிளம்பின.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் அங்கே வருவது வழக்கமானது. விஸ்வலிங்கம் கேட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் நிற்பது, கோப்பிக் கடையில் ஒரு கோப்பி குடிப்பது, பிறகு அவர் வீட்டுக்குப் போய் அவள் ஏதாவது ஆக்கிப் போடுவது. கோப்பிக் கடைக்காரன் இப்போது எதுவும் கேட்பதில்லை. இரண்டு நாற்காலிகளை வெளியே எடுத்துப் போடுவான். முதல் சில தடவைகள் அப்துல் காதர் ஜெட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தார். பிறகு அவருக்கு அலோர் ஸ்டாருக்கு மாற்றலாகிவிட்டது. அந்தச் சந்திக்கு அவள் முதல் முறையாகத் தனியாகப் பஸ் ஏறினாள்.

"எங்கக்கா?" என்று கண்டக்டர் கேட்டார். தமிழ்க்காரர். இடுப்பில் தோல் பை, காதில் பென்சில்.

அவளுக்கு வாய் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் பெயரை உச்சரித்ததில்லை. இருக்கும்போது என்னங்க, இல்லாதபோது அவரு. போலீஸ் ஆபீஸில் பெயர் கேட்டபோதுகூட எழுதித்தான் காட்டினாள். பெரிய பெயர், கணீரென்ற பெயர் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"எங்கக்கா போகணும்? சொல்லுலா. ஆளுங்க நிக்கறாங்க."

"நாகநாதன்" என்றாள்.

"என்னது?"

"நாகநாதன். இன்ஸ்பெக்டர் நாகநாதன் சிம்பாங்."

"அப்படி ஒரு இடமா? இந்த ரூட்டுலயா?" அவர் பஸ்ஸுக்குள் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, நாகநாதன் சிம்பாங் எங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. ஒரு மலாய்க்காரப் பாட்டி உதட்டைப் பிதுக்கினார். ஒருவர், வேறு பஸ்ஸாக இருக்கும் என்றார். அவள் எழுந்து நின்று, இன்னும் சத்தமாக, தெளிவாக, அவருடைய பெயரை மறுபடி சொன்னாள். பக்கத்தில் முடிவெட்டும் கடை, எதிரில் கோப்பிக் கடை, பள்ளிக்கூடம் என்று அடையாளமும் சொன்னாள்.

"அட, ஐஸ் பேக்டரி சிம்பாங்! அதைச் சொல்றியா?" கண்டக்டர் சிரித்தபடி டிக்கெட்டைக் கிழித்தார். "இப்படிச் சொன்னா யாருக்குக்கா தெரியும்? ஐஸ் பேக்டரின்னு கேளு, எல்லாரும் சொல்லுவாங்க."

ஐஸ் பேக்டரியை மூடி இடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெயரை ஒரு நாள் வாய்விட்டுச் சொல்வோம் என்று அவள் நினைத்ததில்லை. சொல்லும் நாளில், அப்படி யாரும் இல்லை என்று ஒரு பஸ்ஸே சொல்லும் என்றும் நினைத்ததில்லை. "ஐஸ் பேக்டரி! ஐஸ் பேக்டரி எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார். இறங்கினாள்.

விஸ்வலிங்கம் பலகைக்குக் கீழே குடையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். சட்டைக்குள் தோள் எலும்புகள் தெரிந்தன. கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது. இப்போது பலகையின் எழுத்து அவருக்குத் தெளிவாகத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். அவர் ஒருபோதும் அதைச் சொன்னதில்லை. பஸ் போகும் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"பஸ்ஸிலயோ வந்தனீர்? தனியவோ?"

"ஆமா மாமா."

மாமா என்று அவள் அழைத்தது அன்றுதான். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. அவருக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததுபோலக் கேட்டார்.

"பஸ்ஸில இப்ப பேர் சொல்லுறாங்களோ, பிள்ளை? இந்த இடத்துக்கு வரேக்க?"

அவள் பலகையைப் பார்த்தாள். கோப்பிக் கடையைப் பார்த்தாள்.

"சொல்றாங்க மாமா. கண்டக்டர் நல்லா சத்தமா சொல்றாரு."

"ஓமோ?" கிழவர் முகம் மலர்ந்தது. பல் இல்லாத பக்கம் தெரியச் சிரித்தார். "எப்பிடி? எப்பிடிச் சொல்லுறவன்? சொல்லிக் காட்டும் பாப்பம்."

"இங்கயா?"

"இங்கதான். ஆர் பாக்கப் போயினம்?"

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. வெள்ளைக் கோடு வளைகிற இடத்தில் வெயில் பளபளத்தது. புஷ்பவள்ளி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"நாகநாதன்!" என்று கூவினாள். "நாகநாதன் எறங்கு! எறங்கு!"

முடிவெட்டும் கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். விஸ்வலிங்கம் கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன.

"இன்னொருக்கா" என்றார்.

அவள் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை எறங்கு என்ற வார்த்தை வரவில்லை. பெயர் மட்டும்தான் வந்தது. அது கண்டக்டர் கூப்பிடுகிற மாதிரியும் இல்லை. பின்கட்டில் குளித்துக்கொண்டிருக்கும் ஒருவரை, சோறு ஆறுகிறது வாருங்கள் என்று கூப்பிடுகிற மாதிரி வந்தது. கிழவர் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். விளக்கு சிவப்பாகி, பச்சையாகி, மறுபடி சிவப்பானது. எதிர்ப்பக்கம் போவதற்கு நின்ற ஜனங்கள் கடந்து போனார்கள். கோப்பிக் கடைக்காரன் நாற்காலிகளை எடுத்துப் போட்டுவிட்டு, அவர்கள் எப்போது வருவார்கள் என்று பார்த்தபடி துண்டால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.